எர்த் வயரில் நெயில் பாலிஷ்

எங்கள் சபையில் பெண்கள் காலுறை போடாமல் ஆராதனைக்கு வருவதில்லை. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் சரி. உதட்டுச் சாயம் கிடையாது, முடி வெட்டுவது கிடையாது, நகத்துக்குப் பூச்சு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு சகோதரியின் கைப்பையிலும் நிறமில்லாத நெயில் பாலிஷ் புட்டி ஒன்று கிடக்கும். நைலான் காலுறையில் ஓர் இழை அறுந்தால் ஏணி மாதிரி முழங்கால் வரை ஓடிவிடும். அறுந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தால் அங்கேயே நின்றுவிடும். காலுக்குப் போட்டால் பாவமில்லை, கைக்குப் போட்டால்தான் பாவம் என்று பாஸ்டர் லூப்பரின் மனைவியே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

சகோதரி ஓலீட்டா பிருயிட்டிடம் மட்டும் அந்தப் புட்டி இல்லை. அவள் காலுறையில் குதிகாலிலிருந்து மேலே ஒரு ஏணி எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் ஐயோ பாவம் என்று தங்கள் புட்டியை நீட்டுவார்கள். "இருக்கட்டும்மா, வேண்டாம்" என்பாள். முகம் சிவந்துவிடும்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆயில்டேலில், உருளைக்கிழங்குக் கொட்டகையில் ஓடுகிற ஒரே பெல்ட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அழுகல் பொறுக்கியவர்கள் நாங்கள். நடந்ததில் பாதியை நானே கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள். "யாராவது கேட்டா மறைக்காதே, வெர்னா. சொல்லிடு" என்றும் சொல்லியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஓலீட்டா ஓக்லஹாமாவிலிருந்து சின்னக் குழந்தையாக, லாரியில் கட்டின மெத்தை மேல் உட்கார்ந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவள். பருத்தி எடுத்திருக்கிறாள், திராட்சை வெட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரே தம்பி, வெய்லன். ஊருக்கு வடக்கே பருத்திக் காடுகளுக்கு நடுவில் ராணுவம் விட்டுப்போன பழைய விமானத் தடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அங்கே கார்ப் பந்தயம் விடுவார்கள். வெய்லன் அங்கேதான் எரிந்துபோனான். பெட்டியைத் திறக்காமலேயே அடக்கம் பண்ணினோம்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு டாய்லோடு கல்யாணம் நடந்தது. டாய்ல் எண்ணெய்க் கிணறுகளில் பம்ப் பார்க்கிறவன். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஈஸ்டருக்கும் சாவுக்கும் தவிரச் சபைக்கு வரமாட்டான், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு வண்டி ஒன்றைக் குப்பை மேட்டிலிருந்து இழுத்து வந்தான். கூரை இல்லாத வண்டி. மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தான். உடம்பைத் தாழ்த்தினான். எங்கேயோ நசுங்கிக் கிடந்த பெரிய காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினை எடுத்து இதில் வைத்தான். ஹாட் ராட் என்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று அப்படி முட்டுக்கட்டை மேல் நிற்கும். ஓலீட்டா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் வண்டி வீட்டில்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

வயரிங் வேலையைச் செய்தவர் ஹர்ஷல் மேடக்ஸ். பள்ளத்தாக்கில் எந்தப் பந்தயக் கிளப்பின் வண்டியில் பொறி வராவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கள் கூடார எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பி முழங்காலில் விழுந்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. கை நடுக்கம் நின்று அந்தக் கையால் வயர் இழுக்கிறேன் என்பதுதான் அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சொல்கிற சாட்சி.

அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். டாய்ல் வேலைக்குப் போயிருந்தால் விளக்குப் பிடிப்பது ஓலீட்டாதான். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"சிஸ்டர், கரண்டுன்றது வேலைக்குப் போற ஆள் மாதிரி. காலையில கிளம்பிப் போறதை எல்லாரும் பாப்பாங்க. சாயந்திரம் எந்த வழியா வீட்டுக்கு வர்றான்னு ஒருத்தனும் பாக்க மாட்டான். அந்த வழிதான் எர்த்."

"வழியை அடைச்சுட்டா?"

"வேலையும் நடக்காது. இந்த இன்ஜினைப் பாரு, ரப்பர் மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. இந்த ஒத்த எர்த் பட்டைதான் இன்ஜின்ல இருந்து வண்டிச் சட்டத்துக்கு அதோட வீட்டு வழி. அதான் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பா ஆக்கிட்டு இறுக்கறேன்."

இறுக்கி முடித்ததும் கையை வெளியே நீட்டினார். "உன் காலுறை மருந்து இருக்கா? என் வார்னிஷ் தீந்துபோச்சு."

"அது காருக்கு ஆகுமா?"

"கார் பெயிண்டும் அதுவும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. போல்ட் மேல ஒரு சொட்டு வெச்சா துரு அண்டாது. ஆனா இறுக்கினப்புறம் வெளியிலதான் வெக்கணும். இறுக்கறதுக்கு முன்னாடி உள்ள வெச்சா கதை முடிஞ்சுது. வாசல்ல சுவர் எழுப்பின மாதிரி."

அவர் வைத்தார். புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்டரிடம் சொல்லிவிடாதே, எனக்கு நகப்பூச்சுப் பழக்கம் வந்துவிட்டது என்று சிரித்தார்.

அந்த வருஷம் அறுவடை முடிகிற சமயத்தில் வண்டி முழுசாயிற்று. பனிமூட்டம் இறங்குவதற்கு முன்னால் இரண்டு ஞாயிறு பந்தயம் பாக்கி. டாய்ல் பெயர் கொடுத்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமைதானா கிடைச்சுது?" என்று மட்டும் ஓலீட்டா கேட்டாள்.

"சனிக்கிழமை வெக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட நீயே மனு போடு, ஓலி. உனக்குத்தான் அங்க செல்வாக்கு."

அவள் வெய்லனைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் அவன் கேட்டிருப்பானோ என்னவோ. அவள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் பம்புக்குப் போயிருந்த நேரம். விளக்கு பிடித்துப் பிடித்துப் பழகின இடம்தான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அடியில் நுழைந்தாள். சட்டத்துப் பக்கம் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினாள். போல்ட் நுழைகிற பட்டையின் கண்ணில் மேலும் கீழும் நெயில் பாலிஷைப் பூசினாள். ஹர்ஷல் சுரண்டி வைத்த வெறும் இரும்பில் பூசினாள். போல்ட்டின் மரையிலும் பூசினாள். காலுறைக்கு ஊதுவது மாதிரி ஊதிக் காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி ஊதினாள். மூன்று பூச்சு. பிறகு இறுக்கி, ஹர்ஷல் வைத்தது போலவே மேலே ஒரு சொட்டு வைத்தாள். பார்க்கிறவனுக்குக் கை பட்ட அடையாளமே தெரியாது.

படுத்திருந்தபடியே ஜெபித்தாளாம். ஆண்டவரே, உம்முடைய நாளை அவன் பரிசுத்தமாய் ஆசரிக்கத்தான் இதைச் செய்கிறேன் என்று. "பொய், வெர்னா. பயத்துலதான் செஞ்சேன். என் பயத்துக்கு அவர் பேரைக் கூலிக்கு எடுத்தேன்" என்று பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை டாய்ல் முதல் தடவையாகச் சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் கிழவன் படியேறுகிற மாதிரி இன்ஜின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

ஹர்ஷல் வந்தார். கிளப்பிலிருந்து கிளீட்டஸ் என்பவனும் வந்தான். அவன் வாய்க்குப் பயந்தே பலர் தப்புச் செய்யாமல் இருந்தார்கள். பேட்டரியைச் சோதித்தார்கள், நிறைந்திருந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றித் தனியாகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார்கள், ஓநாய் மாதிரி ஊளையிட்டது. திரும்ப மாட்டினால் டக். பிளக் வயரைக் கழற்றி இன்ஜினோரம் பிடித்துப் பார்த்தால் பொறி நீலமாக வர வேண்டியது, செத்த மஞ்சளில் வந்தது.

"காயில் போச்சு" என்றான் கிளீட்டஸ்.

காயிலை மாற்றினார்கள். மஞ்சள்தான். கண்டென்சரை மாற்றினார்கள். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார்கள். தள்ளிவிட்டால் வண்டி உயிர் பெற்றது. தெரு முனை வரை போகும். வேகம் எடுத்ததும் விக்கல் வந்து நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"எர்த்தைப் பாத்துடலாமா?" என்றான் டாய்ல்.

ஹர்ஷல் அடியில் எட்டிப் பார்த்தார். போல்ட் மேலே அவர் சொட்டு உடையாமல் பளபளத்தது. "அது நான் என் கையால சுரண்டி இறுக்கினது. அங்க இல்லை கோளாறு. அதை நம்பாட்டி நான் எதை நம்பறது?"

ஓலீட்டா வெண்டைக்காய் வறுவலும் சோளரொட்டியும் ஐஸ் போட்ட டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

"சிஸ்டர், நீ ஜெபம் பண்ணித்தான் இது படுத்துக்கிச்சுன்னு கிளீட்டஸ் சொல்றான்" என்றார் ஹர்ஷல்.

"அவ ஜெபத்துக்கு அவ்வளவு பவர் இருந்தா முதல்ல உன் மூக்கு நேராகியிருக்கும், பெருசு" என்றான் கிளீட்டஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டாய்ல் சபைக்கு வந்தான். கழுத்துப் பட்டி கட்டியிருந்தான். பாஸ்டர் லூப்பர் வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வண்டி ஓடலை, பாஸ்டர். வேற எங்க போறது" என்றான். பாட்டுப் பாடினான். குரல் நன்றாகவே இருந்தது. சகோதரிகள் எல்லோரும் ஓலீட்டாவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தோம், உன் கண்ணீருக்குப் பலன் கிடைத்தது என்கிற மாதிரி. அவள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. டாய்ல் தினமும் பம்பிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வண்டியடியில் போவான். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த வயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தான். சாவி சுவிட்சை மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துச் சமையல் மேஜை மேல் பரப்பினான். அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். ஞாயிறு தாண்டட்டும் என்று வைத்துக்கொள்வாள். பனி வந்துவிட்டால் வசந்தகாலம் வரை பந்தயமில்லை. அதற்குள் நானே கழற்றித் துடைத்துவிடுவேன், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் மறுபடி கூடினார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன், ஜாம் புட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

டாய்லுக்குப் பொறுமை போய்விட்டது. சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தான். இன்ஜின் முக்கிக்கொண்டே இருந்தது. சோக் கம்பியை இழுக்கக் கை வைத்தவன் ஐயோ என்று உதறினான். அந்தக் கம்பியின் உறை அடுப்புக் கம்பி மாதிரிச் சிவந்து புகைந்தது. அது போய்ச் சேருகிற இடம் கார்புரேட்டர். அங்கே பெட்ரோல் கசிந்திருந்தது. குப்பென்று நீலமாக ஒரு தீ எழுந்தது.

ஓலீட்டாதான் முதலில் ஓடினாள். கையிலிருந்த டீக் கூஜாவைத் தூர எறிந்தாள். வாசலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துத் தீ மேல் போட்டு அதன் மேல் தானே விழுந்து அமுக்கினாள். டாய்ல் அவளை இழுத்து எடுப்பதற்குள் தீ அணைந்துவிட்டது. அவன் உள்ளங்கையில் கம்பியின் தடம் வரிவரியாக வெந்திருந்தது. அதைப் பார்த்து அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். வெய்லனுடைய பெட்டி மூடியிருந்ததும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தீயிலிருந்து காப்பாற்றப் போய் அவளே தீ வைத்திருந்தாள். அதை அப்போது அவள் ஒருத்திதான் அறிவாள்.

ஹர்ஷல் அந்த வெந்த சோக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கரண்ட் இது வழியா வீட்டுக்குப் போயிருக்கு. ஸ்டார்ட்டரோட மொத்தக் கரண்டும். சொந்த வாசல் மூடியிருந்தா திருடன் மாதிரி ஜன்னல் வழியாத்தானே போகும்."

அடியில் படுத்தார். எர்த் போல்ட்டைக் கழற்றினார். பட்டையின் கண்ணை வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடி மாதிரி ஒரு படலம். நகத்தால் சுரண்டினார். உரிந்து வந்தது.

கிளீட்டஸ்தான் ஆரம்பித்தான்.

"பெருசு, வார்னிஷை வெளியில வெக்கணும்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பியே. உள்ள வெச்சிருக்கே. அன்னைக்குக் கொஞ்சம் ஊத்திக்கிட்டியா?"

"நான் தொடறதில்லைன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். இந்தப் பட்டைக்குத் தெரியுமா?"

"கிளீட்டஸ், போதும்" என்றான் டாய்ல். ஆனால் அவன் வெந்த கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஹர்ஷல் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஹர்ஷல் எழுந்தார். முட்டியைத் தட்டினார். "சுரண்டினது ஞாபகம் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்றார். கருவிப் பெட்டியைக்கூட எடுக்காமல் நடந்து போய்விட்டார்.

ஓலீட்டா சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

டாய்லின் கை ஆறவேண்டியிருந்தது. காற்றுப் பலமாக இருக்கிறது என்று அந்த ஞாயிறு பந்தயத்தையும் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். ஆக, அவள் செய்தது எதற்கும் உதவாமல் போயிற்று. அதற்குள் ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவன் வண்டிக்குப் பின்னாலும் கிளப்பின் அலுமினியத் தகடு தொங்கும். இன்னொருவன் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அசட்டு வேலை செய்தவனுடைய தகட்டை எல்லோர் முன்னிலையிலும் கழற்றி வாங்கிவிடுவார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் காப்பிக் கடைப் பின்னறையில் கூடி ஹர்ஷலைப் பற்றிப் பேசுவதாக ஆயிற்று. தகடு போனவனிடம் அப்புறம் பள்ளத்தாக்கில் யாரும் வயர் வேலை கொடுக்க மாட்டார்கள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். சாட்சி சொல்கிற நேரத்தில் ஹர்ஷல் எழுந்தார். வழக்கமாகக் கையைத் தூக்கிக் காட்டுவார், இதோ நடுங்காத கை என்று. அன்றைக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார்.

"பிரதர்ஸ், சிஸ்டர்ஸ், எனக்காக ஜெபிங்க. நான் குடிக்கலைன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். ஆனா என் கை செஞ்ச வேலை வேற சொல்லுது. குடிச்சதையே மறக்கிற அளவுக்குக் குடிச்ச ஆள் நான், அந்தக் காலத்துல. இப்பவும் அப்படி எதாவது நடந்து எனக்கே தெரியாம இருக்கோ என்னவோ. என் மனசையே என்னால நம்ப முடியலை."

உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

ஓலீட்டா என் பக்கத்தில் இருந்தாள். முன் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எழுந்திருக்கப் போகிறவள் பிடிப்பது மாதிரி. பாஸ்டர் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் பிடியைத் தளர்த்திவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்தது.

"அந்த ஒரு நிமிஷம்தான், வெர்னா. மத்ததெல்லாம் ஆண்டவர் மன்னிச்சிருப்பாருன்னு நம்பறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கவே கூச்சமா இருக்கு" என்பாள் இன்றைக்கும்.

வியாழக்கிழமை வெயில் இறங்கும் முன்பே காப்பிக் கடைக்கு நடந்தாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. கடைக்குப் பக்கவாட்டில் வண்டிகள் நின்றன. ஹர்ஷல் தன் பழைய வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரால் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கழற்றுகிற அவமானத்துக்கு முன்னால் தானே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று.

ஓலீட்டா மண்ணில் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து புட்டியை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தாள். அதில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"நான்தான், பிரதர். வெள்ளிக்கிழமை மத்தியானம். டாய்ல் பந்தயத்துக்குப் போகக் கூடாதுன்னு."

அவர் புட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எத்தனை பூச்சு?"

"மூணு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். மரையிலயும்."

"மேல சொட்டு?"

"நீங்க வெச்ச மாதிரியே வெச்சேன்."

அவர் பின்னால் சாய்ந்து சக்கரத்தில் முதுகை வைத்துக்கொண்டார். "அப்ப நான் சுரண்டியிருக்கேன்" என்றார். "சுரண்டினேன். எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. விரல்ல தோல்கூட உரிஞ்சுது." சிரிக்க ஆரம்பித்தார், அது பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பெப்பர்மின்ட் மிட்டாய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. ஓலீட்டாவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் அவர் கையைப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவரின் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப?" என்று கேட்டாள்.

"நேத்து. கூட்டம் முடிஞ்சு போற வழியில." அவர் தலையைத் தூக்கவில்லை. "குடிச்சவன்னு பேர் வந்தாச்சு. பேருக்கு ஏத்த மாதிரி இருந்துட்டுப் போவோம்னு வாங்கிட்டேன்."

ஓலீட்டா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு, பெண்கள் போகாத அந்தப் பின்னறைக்குள் போனாள். நானும் வாசல் வரை போனேன்.

"இது ஆம்பிளைங்க கூட்டம், சிஸ்டர்" என்றான் கிளீட்டஸ்.

"தெரியும். பொம்பளை செஞ்ச வேலைக்குக் கூட்டம் போட்டிருக்கீங்க. அதான் வந்தேன்."

புட்டியை மேஜை மேல் வைத்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். தம்பியைப் பற்றிச் சொல்லித் தன் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஹர்ஷல் குடித்ததைச் சொல்லவில்லை. டாய்ல் மேஜையின் அந்தக் கோடியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். முடித்ததும் கிளீட்டஸ் வாயைத் திறந்தான். டாய்ல் அவனை ஒரு பார்வை பார்த்தான். கிளீட்டஸ் தன் காப்பியைக் குடித்தான். பிறகு அவனேதான் வெளியே போய், ஹர்ஷல் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கி, அவர் வண்டியில் திரும்ப மாட்டினான். "உக்காரு பெருசு, உன் கை ஆடுது. நான் முடுக்கறேன்" என்றான். அவன் வாயிலிருந்து அதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

டாய்ல் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. சனிக்கிழமை காலை ஸ்பானரையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் சமையல் மேஜை மேல் வைத்தான்.

"நீயே போய் துடை. வெறும் இரும்பு தெரியணும்."

அவள் அடியில் நுழைந்தாள். அவன் குனிந்து விளக்குப் பிடித்தான். வெகு நேரம் தேய்த்தாள்.

"வெய்லன் விஷயத்தை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம், ஓலி" என்றான் மேலே இருந்து.

"சொன்னா நின்னிருப்பியா?"

அவன் யோசித்தான். "தெரியலை" என்றான். "இப்ப தெரிஞ்சுக்க வழியில்லாமப் போச்சு."

அவள் போல்ட்டை இறுக்கினாள். மேலே சொட்டு வைக்கவில்லை. சாவியைத் திருப்பினான். முதல் திருப்பலிலேயே இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. நாளைக்குப் போகவா என்று அவன் கேட்கவில்லை. போகாதே என்று சொல்கிற உரிமை தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு ஆராதனைக்கு அவள் தனியாக வந்தாள். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹர்ஷல் வந்தார். ஆண்கள் பக்கம் போகாமல் எங்கள் பெஞ்சின் கோடியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சவரம் பண்ணி வெட்டுப்பட்டிருந்தது. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம், சிஸ்டர். வாங்கினது என் காசு, திறந்தது என் கை. உன் பங்கை நீ சொல்லிட்டே. என் பங்கை நான் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார். அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அவள் தேறவில்லை. இன்றுவரை தேறவில்லை. அடுத்த புதன்கிழமை அவர் எழுந்து தான் குடித்ததைச் சபைக்குச் சொன்னபோதும், அவளும் எழுந்து தன் பங்கைச் சொன்னபோதும், பாஸ்டர் இருவருக்காகவும் ஜெபித்தபோதும்கூட. கறை போனாலும் துணி நைந்தது நைந்ததுதானே.

அந்த ஞாயிறு வடக்கிலிருந்து காற்று. வடகாற்று அடித்தால் அந்தத் தடத்துச் சத்தம் சபைக்குள் கேட்கும். பாஸ்டர் பிரசங்க மேடையில் ஏறியதும் முதல் வண்டி போயிற்று. அடுத்தது போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஓலீட்டா மூச்சைப் பிடித்தாள். எது அவன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

ஹர்ஷல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். காதால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் எழுந்தது, விக்கல் இல்லாமல், துணி கிழிபடுவது மாதிரி நீளமாகப் போயிற்று. அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"இது அவன்" என்றார் மெல்ல. "எட்டும் சுத்தமா எரியுது."

சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு தேய்ந்து, ஒழுங்காக அடங்கியது. எதுவும் மோதவில்லை. ஓலீட்டா மூச்சை விட்டாள். பாஸ்டர் என்ன வசனம் சொன்னார் என்று எங்கள் பெஞ்சில் ஒருத்தருக்கும் தெரியாது. எழுந்து பாடச் சொன்னார். எழுந்தோம். அவள் காலுறையில் குதிகாலருகே ஓர் இழை அறுந்திருந்தது. என் புட்டியை எடுத்து நீட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.